செவ்வாய்க்கிழமை, ரெண்டு பெட்டி

7.12.98 திங்கள்

விடியத் தொடக்கம் மழை. ஆசுப்பத்திரி வாட்டுக்குள்ளை ரெண்டு இடத்திலை ஒழுக்கு, வாளி ஒண்டுதான்.

மருந்து லொறியோடை கொழும்புப் படிவம் ஒண்டு. டொக்டர்மாருக்கு எவ்வளவு சம்பளம் குடுக்கிறதெண்டு அரசாங்கம் விசாரணைக்குழு போட்டிருக்காம். இண்டையிலை இருந்து மூண்டு நாள் கணக்கு, மணித்தியாலத்துக்கு ஒரு பெட்டி. வேலை எண்டால் 'வே', ஓய்வு எண்டால் 'ஓ'.

கேள்வி 9: வாகனம் நிறுத்த வசதி உண்டா? உண்டு. வேம்புக்குக் கீழை என்ரை சைக்கிள்.
கேள்வி 11: உமது பிரிவில் டொக்டர்கள் எத்தனை பேர்? நான்.

என்னோடை படிச்ச வதனி, இப்ப வவுனியாவிலை வேலை. அவளும் ஒரு துண்டு வைச்சு விட்டிருக்கிறாள். "அடியே, 'ஓ' எண்டு ஒண்டும் போட்டுத் துலைச்சிடாதை. சும்மா இருக்கினம் எண்டு சம்பளத்தைக் கூட்டமாட்டாங்கள்."

சரியடி. வே வே வே வே.

8 செவ்வாய்

நேற்றுக் காலமை எழும்பினது. இண்டைக்கு மத்தியானம் வரைக்கும் கண் மூடேல்லை. ரெண்டு பிரசவம், ஒரு பாம்புக்கடி, மிச்சமெல்லாம் மலேரியா. மருந்துத் துண்டிலை நோயாளின்ரை பேருக்குப் பதிலா என்ரை பேரை எழுதிப்போட்டன். அற்றெண்டன் சின்னராசாண்ணை துண்டைப் பறிச்சார். "போய்ப் படுங்கோ டொக்டர், நான் பாக்கிறன்."

2 மணிக்குப் படுத்தன். 4க்கு நானா எழும்பினன். என்ன அமைதி! வெளியிலை முப்பது சனம், ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. அழுத குழந்தையளை மழைக்குள்ளை தூக்கிக்கொண்டு போய் ஆத்தியிருக்கினம். டொக்டர் நித்திரையாம்.

சனம் இருக்கிற வாங்கின்ரை கடைசியிலை பிலோமினா. முல்லைத்தீவுக் கரையிலை இருந்து இடம்பெயர்ந்து விசுவமடுவிலை கொட்டில் போட்டிருக்கிறா. மடியிலை புருசன்ரை தலை, மட்டையாலை விசிறிக்கொண்டு இருந்தவா.

"வரேக்கை பிதற்றினவர் டொக்டர். இப்ப சுகம். நல்ல நித்திரை."

நித்திரை இல்லை. மலேரியா மூளைக்கு ஏறியிட்டுது. நெஞ்சிலை விரல் முட்டியாலை உரசிப் பாத்தன், முழிக்கேல்லை. குயினைன் ஏத்தத் தொடங்கினது 4.20.

"எப்ப வந்தனீங்கள்?"

"ரெண்டேகால் இருக்கும்."

சின்னராசாண்ணையிலை எரிஞ்சு விழுந்தன். ஏன் எழுப்பேல்லை? "புருசன் நித்திரை எண்டுதானே அந்தப் பிள்ளை சொல்லிச்சு. நீங்களும் ரெண்டு நாளா..." அதோடை விட்டிட்டன்.

9 புதன்

மழை. அவரை வவுனியாவுக்கு அனுப்பப் பயணப் பாஸ் கேட்டு ஆள் விட்டது. சண்டை, பாதை பூட்டு.

மத்தியானம் 1.10க்கு முடிஞ்சுது.

ரெண்டு மணித்தியாலம் முந்தித் தொடங்கியிருந்தால்? தெரியாது. அந்தத் தெரியாததுதான் என்னைத் தின்னுது.

சாப்பிடேல்லை.

11 வெள்ளி

வெயில். பாதை திறந்திட்டுது. லொறி பின்னேரம் திரும்புது, படிவம் குடுக்கவேணும். செவ்வாய் 2–4 மட்டும் வெறுமை. 'வே' போட்டால் ஆருக்கும் நட்டமில்லை. 'ஓ' போட்டால் நானே என்னைக் காட்டிக்குடுக்கிற மாதிரி. பென்சிலாலை ரெண்டு 'வே' போட்டன்.

பிலோமினா மரணச் சான்றிதழுக்கு வந்தவா. கையிலை செபமாலை. கதிரையிலை இருக்கச் சொன்னன், இருக்கேல்லை.

"பக்கத்திலை இருந்த மனிசி டொக்டரை எழுப்புவம் எண்டவா. நான்தான் மறிச்சனான். பாவம், ஒரு கண் மூடட்டும் எண்டு." செபமாலையை விரலிலை சுத்தினா. "எழுப்பியிருந்தால் தப்பியிருப்பாரோ டொக்டர்?"

"இல்லை அக்கா. எழுப்பியிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்."

"உண்மையா?"

"ஓம்."

தலையாட்டிப்போட்டுப் போயிட்டா. டொக்டராகி இவ்வளவு காலத்திலை இப்பிடி வாய் கூசாமல் ஒரு பொய் சொன்னதில்லை.

பென்சிலை அழிச்சுப்போட்டுப் பேனையாலை எழுதினன். ஓ. ஓ.

கீழை குறிப்புக்கு ஒரு கோடு விட்டிருந்தது. அதிலை: 'இந்த இரண்டு மணித்தியாலமும் இங்கே டொக்டர் இல்லை.'