ஆளில்லாத ஊருக்குப் பாதை

மார்ச் 3, 2008, திங்கள்

இன்று எங்கள் யானபம்பா ஊருக்கு அரசாங்கம் ஒருவழியாக ஏதோ கொண்டுவந்து சேர்த்தது. ஒரு தகரப் பலகை. "அதிக ஆபத்துப் பகுதி. உள்ளே குடியிருக்கத் தடை." எரிமலை வெடித்துப் பாதையை மூடி இரண்டு வருடம் ஆகப்போகிறது. அதற்குள் ஒரு கூடை ஜல்லிகூட வந்ததில்லை. பலகை மட்டும் எங்கள் கோவேறு கழுதையின் முதுகிலேயே ஏறி வந்துவிட்டது. கழுதை எங்களுடையது என்பதால் வாடகையும் மிச்சம்.

ஊர்த் தலைவர் அப்தோன் அண்ணன் பலகையோடு வந்த இன்ஜினியரிடம் கேட்டார்: "பாதை எப்ப சார் போடுவீங்க?"

"ஆள் குடியிருக்காத ஊருக்குப் பாதை போட முடியாதுங்க."

"ஏன் சார் ஆள் குடியில்லை?"

"பாதை இல்லையே."

அண்ணன் தொப்பியைக் கழற்றி மாட்டிக்கொண்டார். படித்தவர்களிடம் பேசினால் தெளிவு கிடைக்கிறது.

மார்ச் 8, சனி

மிங்கா. ஊர் வேலைக்கு வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும். காலை ஆறு மணிக்கு ஓடைக்கரையில் நின்று நான் பெயர் வாசிப்பேன். வந்தால் பெயருக்கு நேரே ஒரு கோடு. மூன்று முறை வராவிட்டால் வயலுக்குத் தண்ணீர் முறை கிடையாது. என் கையெழுத்து அழகு என்று என்னைக் காரியதரிசி ஆக்கினார்கள். என் புருஷன் ரோமுலோ செத்த பிறகு எனக்குக் கிடைத்த ஒரே பதவி.

முப்பத்தொரு வீடு. முப்பது கோடு. வராதது போன வாரம் போலவே என் நாத்தனார் எதெல்வினா. காரணம், முழங்கால். கீழே அரசாங்கம் எங்களுக்கு வீடு கொடுத்த புதுக் காலனியில் கார்னிவல் திருவிழாவுக்கு விடிய விடிய ஆடிய அதே முழங்கால். அவள் பெயரை மூன்று முறை சத்தமாக வாசித்தேன். நான்காவது முறை என் சந்தோஷத்துக்காக.

பாதையை அடைத்துக் கிடந்த பஸ் அளவு பாறையைச் சுற்றி விறகு அடுக்கிக் கொளுத்தி, மேலே குளிர்ந்த நீரை ஊற்றினோம். மத்தியானம் விரிசல் விட்டது.

மார்ச் 12, புதன்

மழை. சனிக்கிழமை அள்ளிப் போட்ட சாம்பல் சேறு முழுவதும் நன்றியோடு திரும்பி வந்துவிட்டது.

மார்ச் 15, சனி

எதெல்வினா மூன்றாம் முறையும் வரவில்லை. சிவப்பு மையால் அடித்தேன். அவள் வயலுக்கு இனி தண்ணீர் இல்லை. உண்மையைச் சொன்னால், கோடு கொஞ்சம் அழகாகவே விழுந்தது.

மார்ச் 18, செவ்வாய்

புல்டோசர் இரவல் கேட்டு நகரத்து அலுவலகத்துக்குப் போனோம். "ஊர்னு ஒண்ணு இருக்குன்னு எங்களுக்கு ஆதாரம் வேணுமே" என்றார்கள். எங்களிடமா இல்லை ஆதாரம்? வருகைப் பதிவேட்டை அப்படியே புதுத் தாளில் நகல் எடுத்துக் கொடுத்தேன். தேதி, நேரம், வீட்டுப் பெயர், கோடு, எல்லாம். அந்த அதிகாரி பக்கம் பக்கமாகப் புரட்டி, "இவ்வளவு ஒழுங்கா நாங்களே எழுத மாட்டோம் அம்மா" என்றார். திரும்பும் வழி நெடுக என் கால் தரையில் பாவவில்லை.

மார்ச் 31, திங்கள்

கடிதம் வந்தது. புல்டோசர் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நான் கொடுத்த பதிவேட்டின்படி முப்பது வீட்டார் காலை ஆறு மணிக்கு ஆபத்துப் பகுதியில் இருந்திருக்கிறார்கள். ஆகவே இரவும் அங்கேயே தூங்கியிருக்கிறார்கள். ஆகவே காலனியில் கொடுத்த வீடுகளில் குடியிருக்கவில்லை. நான்கு மணிக்கு எழுந்து இரண்டு மணி நேரம் மலையேறும் மனிதர்கள் உலகத்தில் உண்டு என்று அந்த அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது போல.

ஏப்ரல் ஐந்திலிருந்து நான்கு சனிக்கிழமை காலையில் வீடு வீடாகச் சோதனை. ஒரு முறை ஆள் இல்லாவிட்டாலும் வீடு வேறு குடும்பத்துக்கு. ஏன் சனிக்கிழமை? நாங்கள் வீட்டில் இல்லாத நாள் அதுதான் என்று என் அழகான கையெழுத்து சொல்கிறதே.

சந்தேகமும் சோதனையும் இல்லாத ஒரே வீடு எதெல்வினாவுடையது. ஒரு கோடும் இல்லாத உத்தமி.

ஏப்ரல் 1, செவ்வாய்

மற்ற வீடுகளில் புருஷன் மலைக்குப் போவான், பொண்டாட்டி வீட்டில் உட்காருவாள். அல்லது மாற்றி. எனக்கு யார் இருக்கா? நான் ஒருத்திதான். என்னை ரெண்டா வெட்டி ஒண்ணை மேலே அனுப்பவா?

அப்தோன் அண்ணனிடம் விதிவிலக்குக் கேட்டேன். "ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடணும்னு நீதானம்மா சொன்ன" என்றார். சொன்னேன்தான்.

தண்ணீர் போனால் வயல் வெறும் சாம்பல். கறவைக்கும் புல் இல்லை. அப்புறம் நான் எதைத் தின்பது? வீடு போனால்? இதை எழுத வெட்கமாக இருக்கிறது. எனக்கு அந்த வீடு பிடித்திருக்கிறது. தீப்பெட்டி மாதிரி இருக்கிறது என்று ஊரெல்லாம் கேலி பேசியவள் நான். ஆனால் கதவைச் சாத்தினால் மலை தெரியாது. அம்மா என்றுதான் எல்லோரும் மலையைக் கூப்பிடுகிறோம். அந்த அம்மா 2006 ஆகஸ்ட்டில் நெருப்பைக் கொட்டியபோது மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடியதை நான் மறக்கவில்லை. எனக்கு ரெண்டும் வேணும். என்ன தப்பு அதுல?

ஏப்ரல் 5, சனி

வீட்டில் இருந்தேன். ஆய்வாளர் பத்து மணிக்கு வந்து, என் முகத்தைப் பார்த்து, "ஆள் உண்டு" என்று எழுதிக்கொண்டு போனார். பதிவேட்டில் என் பெயருக்கு நேரே முதல் வெற்றிடம்.

ஏப்ரல் 12, சனி

இரண்டாவது.

ஏப்ரல் 18, வெள்ளி

நாளை போகாவிட்டால் என் பெயரை நானே சிவப்பு மையால் அடிக்க வேண்டும். முடிவு செய்துவிட்டேன். வயல்தான். வீட்டைக் கூட்டிப் பெருக்கினேன். அடுத்து வருகிறவர்கள் நம்மைப் பற்றி எதுவும் சொல்லக் கூடாது பாருங்கள்.

ஏப்ரல் 19, சனி

மிங்காவுக்குப் போனேன். நாள் முழுக்க மண்வெட்டியை யார் மீதோ கோபம் போல வீசினேன். சாயங்காலம் காலனிக்கு வந்தால் என் வீட்டு ஜன்னல் திறந்திருக்கிறது. உள்ளே எதெல்வினா என் நாற்காலியில் உட்கார்ந்து என் அவித்த சோளத்தைத் தின்றுகொண்டிருக்கிறாள்.

"எப்படி மதினி உள்ள வந்தீங்க?"

"ஜன்னல் வழியா."

"அந்த முழங்காலை வச்சுக்கிட்டா?"

"ஆய்வாளர் வந்தாரு. இது என் தம்பி வீடு, அவன் பொண்டாட்டி வேலைக்குப் போயிருக்கா, குடும்பத்துல நான் இருக்கேன், எழுதிக்கோன்னேன். எழுதிட்டாரு. உப்பு கம்மி இதுல."

உப்பை எடுத்து முன்னால் வைத்தேன். போட்டுக்கொண்டே கேட்டாள்.

"என் பேரை நாலு தடவை கூப்பிட்டியாமே. வழக்கம் மூணுதான?"

"நீங்க வரணும்னுதான்…"

"பொய் சொல்லாத. முழங்கால் எல்லாம் ஒண்ணுமில்லடி. அந்த ஓடைக்கிட்ட போனா எனக்கு மூச்சு நின்னுடுது. மலை வெடிச்ச அன்னிக்கு அங்கதான் பாதை மூடிக்கிச்சு. பிள்ளைய வச்சுக்கிட்டு முன்னயும் போக முடியாம பின்னயும் போக முடியாம நின்னேன். பயந்தாங்கொள்ளின்னு பேர் வாங்குறதுக்கு நொண்டின்னு பேர் வாங்கலாம்னு இருந்தேன்."

நான் அந்த ஓடைக்கரையில் நின்றுதான் பெயர் வாசிக்கிறேன். இரண்டு வருடம் தினமும் முகம் பார்த்தும் இதை ஒருமுறைகூடக் கேட்கவில்லை. ரொம்ப நல்ல காரியதரிசி நான்.

ஏப்ரல் 20, ஞாயிறு

பூசை முடிந்ததும் ஊர்க் கூட்டம். மலையில் கல் உடைப்பது மிங்கா என்றால், வீடு பறிபோகாமல் காவல் உட்காருவதும் மிங்காதான் என்று எழுந்து நின்று சொன்னேன். எதெல்வினாவுக்குத் தண்ணீர் முறையைத் திருப்பித் தர வேண்டும் என்றும்.

"உக்காந்திருக்கிறதுக்கு ஒரு கோடா?" என்றார் அப்தோன் அண்ணன்.

"ஓடைக்கரையில நீங்க உக்காந்திருக்கிறதுக்கு நான் போட்டுக்கிட்டுதான அண்ணே இருக்கேன்."

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. அதற்குப் பிறகு எதிர்த்துக் கை தூக்க யாருக்கும் தைரியம் இல்லை.

ஏப்ரல் 26, சனி

கடைசிச் சோதனை. மேலே நான், கீழே அவள். வீடு நின்றது.

மே 17, சனி

இன்று பால் வண்டி மேலே வந்தது. கடைசிக் குழியைக் காலை ஒன்பது மணிக்கு நிரப்பினோம். வண்டிக்குப் பின்னாலேயே அலுவலக ஜீப். இன்ஜினியர் இறங்கி, நாங்கள் வெட்டிய பாதையில் நின்று, தொலைநோக்கோடு செயல்பட்ட அலுவலகத்துக்கு நன்றி சொல்லிப் பேசினார். நாங்களும் கை தட்டினோம். திரும்பிப் போவதற்கு அவருக்கும் எங்கள் பாதைதானே வேண்டும்.

பால் வண்டியின் முன் இருக்கையில் எதெல்வினா இருந்தாள். நான் கதவைத் திறந்தேன். இறங்கவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடி ஓட்டுநரிடம், "வண்டியைத் திருப்பி நிறுத்துப்பா" என்றாள். அவன் என்னைப் பார்த்தான். திருப்பு என்றேன். மூன்று முறை முன்னும் பின்னும் போய், வண்டி மலைக்கு முதுகைக் காட்டி, கீழ்நோக்கி நின்றது.

அவள் கண்ணாடி வழியே பாதையைப் பார்த்தாள். ஓடை வரைக்கும், ஓடையைத் தாண்டியும்.

"இப்ப ஓட முடியும்ல?" என்று கேட்டாள்.

"முடியும் மதினி."

பாலுக்காகவும் உருளைக்கிழங்குக்காகவும்தான் பாதை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தோம். அலுவலகத்திலும் அதையே எழுதிக் கொடுத்திருந்தேன்.

அவள் மெதுவாக இறங்கி, என் தோளைப் பிடித்துக்கொண்டு, தன் வயலைப் பார்க்க நடந்தாள்.