திருட்டு ஸ்பூனின் அளவு

2018 ஜனவரி 9, செவ்வாய்

கல்லூரி திறந்துவிட்டது. காலையில் காரைப் பனிக்குள்ளிருந்து தோண்டி எடுத்ததில் முதுகு பிடித்துக்கொண்டது. நர்சிங் படிக்கிறவனுக்கே தைலம் தேய்த்துவிட ஆளில்லை.

இந்தப் பருவம் முழுக்க மருந்துதான். அளவைக் கணக்குப் போடுவது, பிசகாமல் கொடுப்பது. பாடம் எடுப்பவள் ஷானா பீட்டன். நான் ஓட்டிய பள்ளிப் பேருந்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, மாபூ ரோட்டு வளைவு வந்தாலே வாந்தி எடுத்தவள். இன்று அவள் பலகை முன்னால் நிற்கிறாள், நான் கையைத் தூக்கி "மிஸ்" என்கிறேன். காலம் செய்கிற கூத்து!

"கணக்குப் பரீட்சையில நூத்துக்கு நூறு எடுக்கணும். மூணு தடவைதான் எழுத விடுவோம். அதுலயும் வரலேன்னா, மன்னிச்சுக்கங்க, வீட்டுக்குப் போகலாம்" என்றாள்.

பக்கத்து இருக்கையில் ஜோலின். இருபது வயது, வாய் மட்டும் நாற்பது. "டிரைவரே, உங்க காலத்துல பின்னமெல்லாம் கண்டுபிடிச்சிட்டாங்களா?"

"உங்க அம்மாவைப் போய்க் கேளு. என் பஸ்ல உக்காந்துதான் அவ கணக்கு வீட்டுப்பாடத்தைக் காப்பியடிப்பா."

அவள் நோட்டுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டாள்.

ஜனவரி 11, வியாழன்

நாளைக்கு எல்லோரும் வீட்டிலிருந்து ஒரு ஸ்பூன் கொண்டுவர வேண்டுமாம். எதற்கென்று சொல்லவில்லை. ஜாம் கொண்டுவருவாளோ என்னவோ.

எஃபியின் ஸ்பூனை எடுத்துப் பையில் வைத்தேன். எஃபியின் ஸ்பூன் என்பதும் தப்பு. தேனிலவுக்கு ஹாலிஃபாக்ஸ் போனபோது ஓட்டலில் அடித்தது. அறையைக் காலி செய்துவிட்டுப் பாதி தூரம் வந்த பிறகு கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். "கல்யாணச் செலவுல கொஞ்சமாவது திரும்ப வரட்டுமே" என்றாள். சீட்டாட்டத்திலும் இப்படித்தான். கண்ணெதிரே ஏமாற்றுவாள். கேட்டால் நம்மைத்தான் முறைப்பாள்.

அவள் போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. கடைசி ஐந்து மாதம் மருத்துவமனை வேண்டாம் என்று வீட்டிலேயே இருந்தாள். நான்தான் பார்த்துக்கொண்டேன். வலிக்கு மார்பின் மருந்து, இந்த ஸ்பூனால். வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை அது. அந்த நம்பிக்கையில்தான் ஐம்பத்துநாலு வயதில் இந்தப் பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

ஜனவரி 12, வெள்ளி

கிணறு வெட்டப் போய் பூதம் கிளம்பியது.

ஸ்பூனில் தண்ணீரை நிரப்பி, ஊசியில்லாத சிரிஞ்சில் உறிஞ்சி அளக்க வேண்டும். அதுதான் பாடம். ஜோலின் ஸ்பூன் நாலு மில்லி. பின்வரிசையில் ஒருவனுடையது ஆறு. என்னுடையது ஏழு.

திரும்ப அளந்தேன். ஏழுதான்.

"பாத்தீங்களா?" என்றாள் ஷானா. "டாக்டர் ஒரு ஸ்பூன்னு சொன்னா அஞ்சு மில்லி. உங்க வீட்டு ஸ்பூனுக்கு அது தெரியாது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு வந்து காரில் உட்கார்ந்தவன் வெகுநேரம் வண்டியை எடுக்கவே இல்லை.

ஜனவரி 14, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. கணக்குப் போட்டேன்.

ஒரு மில்லியில் இரண்டு மில்லிகிராம் மார்பின். டாக்டர் எழுதியது பத்து மில்லிகிராம். அப்படியானால் ஐந்து மில்லி. நான் கொடுத்தது ஏழு. பதினாலு மில்லிகிராம். ஒவ்வொரு வேளையும்.

இந்த மாதிரிக் கணக்கு எனக்கு இத்தனை சுலபமாக வந்ததே இல்லை.

அந்தக் குளிர்கால மத்தியானங்களை நினைத்துத்தான் இந்த இரண்டு வருடத்தை ஓட்டினேன். அடுப்பில் விறகு வெடிக்கும். அவள் சோபாவில் என் தொடைமேல் காலை நீட்டிக்கொண்டு தூங்குவாள். வாய் லேசாகத் திறந்திருக்கும். முப்பது வருடத்தில் அவள் அப்படி ஓய்ந்து தூங்கி நான் பார்த்ததில்லை. அவள் காலைத் தேய்த்துக்கொண்டே ரேடியோவில் ஹாக்கி கேட்பேன். வலியில்லாமல் தூங்குகிறாளே, நாம் ஏதோ சரியாகச் செய்கிறோம் என்று — கடவுளே, பெருமையாக இருந்தது எனக்கு.

அந்தத் தூக்கம் நோயா? இல்ல, நான் குடுத்ததா?

கேக்க அவ இல்லியே.

ஜனவரி 18, வியாழன்

கணக்குப் பரீட்சை. கடைசிக் கேள்வி மார்பின். அதைத் தொடாமலே தாளைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தேன். மூன்றில் ஒன்று போயிற்று.

ஷானா நடைவழியில் பின்னாலேயே வந்து பிடித்தாள். "லாக்கி, விடை தெரியாதவர் மாதிரி இல்ல உங்க மூஞ்சி. என்ன ஆச்சு?"

சொன்னேன். ஸ்பூன், ஏழு, பதினாலு. படிப்பை விட்டுவிடப் போகிறேன் என்றும் சொன்னேன். மனைவிக்கே மருந்தை அளக்கத் தெரியாதவன் ஊராருக்கு என்னத்தை அளப்பது.

அதெல்லாம் ஒன்றுமில்லை, பெரிய வித்தியாசமில்லை என்று தட்டிக்கொடுப்பாள் என எதிர்பார்த்தேன். செய்யவில்லை. "உங்க வீட்டுக்கு வந்துட்டிருந்த நர்ஸ் யாரு?"

"தெரசா. இன்வர்னஸ்ல இருக்கா. ரிட்டயர் ஆயிட்டா."

"அவங்களைப் போய்க் கேளுங்க. நான் இப்ப ஆறுதல் சொன்னா அது வெறும் ஊகம். மருந்துல ஊகம் கூடாதுன்னு நானே கத்திட்டிருக்கேன்."

போகவா? போகாவிட்டால் ஒரு சந்தேகம்தான் இருக்கும். போய்க் கேட்டு, அவளும் ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

ஜனவரி 19, வெள்ளி

போகவில்லை.

ஜனவரி 20, சனி

போனேன்.

தெரசா கதவைத் திறந்ததும், "இளைச்சுட்டியேடா லாக்கி" என்று உள்ளே இழுத்து உட்காரவைத்து ஓட்ஸ் ரொட்டியும் டீயும் வைத்தாள். நான் ஸ்பூனை எடுத்து மேசைமேல் வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

"ஏழு மில்லி" என்றாள்.

டீ என் கையில் கொட்டியது.

"மொத வாரமே மருந்து வேகமாத் தீர்ந்துச்சு. நீ வாசல்ல பனி தள்ளிட்டிருந்தப்ப நான் சமையக்கட்டுல அளந்து பாத்தேன். அன்னிக்கே உனக்குக் குடுக்கணும்னு பையிலருந்து சிரிஞ்சை எடுத்தேன். உம் பொண்டாட்டி விடலை."

"ஏன்?"

"'அவனை எனக்கு நர்ஸாக்கிடாத தெரசா. ஸ்பூன் கையில இருக்கறவரைக்கும்தான் அவன் என் புருஷன்'னா. நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். அவ பிடிவாதம் உனக்குத் தெரியாததா? அங்கயே டாக்டருக்குப் போன் போட்டேன். வலி எப்படி இருக்குன்னார். நல்லாக் கேக்குது, ஆனா தூக்கம் ஜாஸ்தின்னேன். சரி, அதே ஸ்பூன் இருக்கட்டும், நேரத்தைத் தள்ளிவைன்னார். நாலு மணி நேரத்துக்கு ஒருதரம் இருந்ததை ஆறு மணி நேரத்துக்கு ஒருதரம்னு மாத்தினோம்."

கொட்டிய டீயைத் துடைத்தேன்.

"மொத வாரத் தூக்கத்துல பாதி உன் ஸ்பூன்தான், இல்லேன்னு சொல்ல மாட்டேன். அதுக்கப்புறம் தூங்கினதெல்லாம் நோயும் அசதியும். நான் நாள் தவறாம வந்து அவ மூச்சை எண்ணியிருக்கேன் லாக்கி." என் கோப்பையில் மறுபடி டீ ஊற்றிக்கொண்டே, "உங்கிட்ட மறைச்சது மட்டும் தப்பு. என்னைப் பாத்து நீ அதைக் கத்துக்காத" என்றாள்.

ஜனவரி 21, ஞாயிறு

நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை, பத்து மில்லிகிராம்: ஒரு நாளைக்கு அறுபது. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, பதினாலு: ஐம்பத்தாறு. மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். ஐம்பத்தாறுதான்.

நாலு ஆறாக மாறிய அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மருந்து குறைகிறது, எஃபி தேறுகிறாள் என்று நினைத்துவிட்டேன். இன்வர்னஸ் வரை போய் கேக் வாங்கிவந்தேன், மேலே சாக்லேட் பூவெல்லாம் வைத்தது. அவள் இரண்டு துண்டு சாப்பிட்டாள். அப்போதெல்லாம் அவளுக்குத் தண்ணீரே இறங்காது. "நீ வாங்கினதுலயே இதுதான்டா உருப்படி" என்றாள். எல்லாம் தெரிந்துகொண்டே!

ரெண்டு பேரும் சேர்ந்து என்னை முட்டாளாக்கிட்டீங்களேடீ. வாசல்ல பனி தள்ளிட்டு இருந்தேனே, ஒரு குரல் கூப்பிட்டிருந்தா வந்திருப்பேனே. சிரிஞ்சைக் குடுத்திருந்தா மட்டும் நான் உன் புருஷன் இல்லாமப் போயிடுவேனா?

நாள் முழுக்கக் கோபமாக இருந்தது. சாயங்காலம் அடுப்பை மூட்டிவிட்டு சோபாவில் போய் உட்கார்ந்தேன். மத்தியானங்கள் திரும்பி வந்தன. எல்லாம் அப்படியே இருந்தன. கேக்கையும் சேர்த்து.

ஜனவரி 29, திங்கள்

இரண்டாம் முறை எழுதினேன். நூறு. ஜோலினுக்குத் தொண்ணூற்றாறு. ஒரு வார்த்தை கிண்டல் செய்யவில்லை நான். நாளை மதியம் அவளுக்குப் பின்னம் சொல்லித் தரவேண்டுமாம்.

மார்ச் 8, வியாழன்

முதியோர் இல்லத்தில் முதல் முறையாக நானே மருந்து கொடுக்கும் நாள். ஷானா பக்கத்தில் நின்று மதிப்பெண் போடுகிறாள்.

கட்டிலில் பெல் ராங்கின். நாற்காலியில் அவள் புருஷன் ஹ்யூயி, தொப்பியைக்கூடக் கழற்றாமல். டாக்டரின் மருந்துச் சீட்டைப் படித்து, கணக்குப் போட்டு, பாட்டிலில் ஒட்டிய லேபிளை, எடுக்கும்போது ஒருமுறை, அளக்கும்போது ஒருமுறை, வைக்கும்போது ஒருமுறை பார்த்தேன். மூன்றரை மில்லி. சிரிஞ்சைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து இழுத்தேன். பிறகு அவள் பெயரையும் பிறந்த தேதியையும் கேட்டேன்.

ஹ்யூயிக்கு வந்ததே கோபம். "அவ பேரு உனக்குத் தெரியாதா? எங்க பேரப்பசங்களை நீதானடா பஸ்ல ஏத்துவ!"

"தெரியும் ஹ்யூயி. இருந்தாலும் கேக்கணும். உன் பேரா இருந்தாலும் கேப்பேன்."

பெல் சொன்னாள். கைப்பட்டையோடு ஒத்துப்பார்த்தேன். சரியாக இருந்தது. சிரிஞ்சை அவள் வாயருகே கொண்டுபோனபோது ஹ்யூயி எழுந்துவிட்டார். "குடு இங்க. வீட்ல நான்தான் குடுப்பேன்."

அவர் கை நடுங்கிக்கொண்டு நீண்டிருந்தது. நான் ஷானாவைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை.

சிரிஞ்சிலிருந்ததைச் சின்னக் கிண்ணத்தில் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் இறக்கி அவர் கையில் கொடுத்தேன். கிண்ணத்தின் அடியில் என் விரலை வைத்துக்கொண்டேன். "இந்தா கழுதை, குடி" என்றார் ஹ்யூயி. பெல் சிரித்துக்கொண்டே குடித்தாள். தொண்டையில் இறங்கும்வரை நின்று பார்த்தேன்.

வெளியே வந்ததும் ஷானா கேட்டாள். "மருந்து குடுத்தது யாரு, லாக்கி?"

"அளந்தது நான், மிஸ். குடுத்தது அவர். அவங்க முழுங்கினதை நான் பாத்தேன்."

பேனாவைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். "அப்படியே எழுதுங்க" என்றாள்.

அப்படியே எழுதி, நேரம் போட்டு, கையெழுத்தும் போட்டேன். திரும்பிப் பார்த்தபோது ஹ்யூயி சட்டைக் கையால் அவள் வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார். நான் கதவைச் சாத்திவிட்டு அடுத்த அறைக்குப் போனேன்.