நாலு ஸ்க்ரூ

பிப்ரவரி 6

இன்றும் கம்பெனியில் என் கையை வீடியோப் படம் எடுத்தார்கள். "முகம் வேணாம்மா, கை மட்டும் போதும்" என்றான் கேமராக்காரன். நல்லதாகப் போயிற்று. இந்த முகத்தைப் பார்த்து வேலை கற்றுக்கொள்ள யாருக்கு மனம் வரும்?

ஃபேன் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றி முடித்ததும், சுற்று பிரியாமல் நூல் போட்டுக் கட்ட வேண்டும். எனக்கு இடது கட்டைவிரல் சின்ன வயதில் கதவிடுக்கில் மாட்டிக் கோணிப்போனது. அதனால் நூலை இடப்பக்கமாக இரண்டு தரம் வளைத்து இழுத்தால்தான் முடிச்சு இறுகும். "இது ஏன் இப்படி?" என்று கேட்டான். "அது அப்படித்தான்" என்றேன். அதையும் எடுத்துக்கொண்டான்.

பயிற்சிக்காம். யாருக்குப் பயிற்சி என்று கேட்டால் சூப்பர்வைசருக்கு உடனே டீ குடிக்கப் போக வேண்டியிருக்கிறது.

பிப்ரவரி 19

தெரிந்துவிட்டது. கம்பி சுற்றும் வைண்டிங் பிரிவே பக்கத்து நாட்டுக்குப் போகிறது. இரண்டு நாடும் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன, உதிரிப் பாகத்துக்கு இனி எல்லையில் வரி கிடையாது. அங்கே கூலி நமக்குக் கொடுப்பதில் பாதி. முழு ஃபேனாக வந்தால் மட்டும் வரி உண்டு. அதனால் கடைசியாகப் பூட்டுகிற வேலை இங்கேயே இருக்குமாம். "யாருக்கும் வேலை போகாது, மேசைதான் மாறும்" என்றார் சூப்பர்வைசர். கை தட்டச் சொல்லவில்லை, அது ஒன்றுதான் பாக்கி.

வீட்டுக்கு வந்து சொன்னதும் இவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எனக்குப் பாடம் எடுத்தார். "சந்தை பெருசாகுது. யாருக்கு எது நல்லா வருமோ அவங்க அதைச் செய்வாங்க. ரெண்டு பக்கமும் லாபம்."

"எனக்கு நல்லா வர்றது எது?"

பேப்பரை மறுபடி விரித்துக்கொண்டார். பஸ் கண்டக்டருக்கு என்ன கவலை? பஸ்ஸைப் பிரித்து உதிரியாக அனுப்ப மாட்டார்கள்.

மார்ச் 3

என் வைண்டிங் மெஷினை லாரியில் ஏற்றிவிட்டார்கள். தார்ப்பாயைக்கூடச் சரியாகக் கட்டவில்லை.

மார்ச் 22

தங்கை போன் செய்தாள். அவள் வாழ்க்கைப்பட்டது எல்லைக்கு அந்தப் பக்கம். அவள் வீட்டுக்காரர் வேலையில்லாமல் வீட்டோடு இருந்தார், அவள் குரலே தேய்ந்துபோயிருந்தது. இன்று அதில் சிரிப்பு. "அவருக்கு வேலை கெடைச்சிருக்குக்கா. உங்க ஃபேன் கம்பெனிதான், இங்க புதுசா திறந்திருக்காங்க."

சந்தோஷம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை, காசா பணமா? "என் வயித்துல அடிச்சுத்தான் உன் வீட்டுல உலை கொதிக்கணுமா?" என்று கேட்டேன். போனை வைத்துவிட்டாள்.

தப்புதான். அவர் என்ன செய்வார், அவளென்ன செய்வாள்? ஆனால் வயிறு எரியுதே — அதை எங்க கொண்டு போய்க் கொட்டுறது?

ஏப்ரல் 15

புது மேசை. பெட்டியில் ஃபேன் வருகிறது, பின்மூடி தனியாக, கூடவே ஒரு சின்ன பாலித்தீன் பையில் நாலு ஸ்க்ரூ. மூடியை வைத்து நாலையும் முடுக்கினால் 'இங்கே தயாரானது' என்று சீட்டு ஒட்டலாம். "கண்ணை மூடிட்டே செய்யலாங்க்கா" என்றாள் பக்கத்து மேசைக்காரி. மூடிப் பார்த்தேன். செய்யலாம்.

தங்கையிடமிருந்து போன் இல்லை. நானும் செய்யவில்லை.

மே 9

ஸ்க்ரூக்களின் தலை கீறியிருக்கிறது. ஒரு தரம் முடுக்கிக் கழற்றியவை. வேறு பைகளைப் பிரித்துப் பார்த்தேன், எல்லாம் அப்படியே. பழைய சரக்கைத் தலையில் கட்டுகிறார்கள் என்று நினைத்துச் சூப்பர்வைசரிடம் கொண்டுபோனேன்.

"புது ஃபேன்தாம்மா. அங்க முழுசா பூட்டி, ஓட்டிப் பார்த்துட்டு, அப்புறம் கழட்டி அனுப்புறாங்க. முழுசா வந்தா வரி போட்ருவானே."

அதாவது ஒருவன் அங்கே உட்கார்ந்து கழற்றுகிறான், நான் இங்கே உட்கார்ந்து முடுக்குகிறேன். இதற்குத்தான் கோட்டு மாட்டிக்கொண்டு கை குலுக்கினார்கள், போட்டோ பிடித்துக்கொண்டார்கள்.

திரும்பும்போது கடையில் ஃபேன் விலை கேட்டேன். பழைய விலையேதான். கூலி குறைந்தது, வரி குறைந்தது — மிச்சம் யார் பையில் போய் விழுந்தது?

மே 10

ஞாயிற்றுக்கிழமை. நானே போன் செய்தேன். சுற்றி வளைக்கவில்லை. "அவர் அங்க என்ன வேலை செய்யறாரு? என் மெஷின்லயா?"

"மெஷின்ல எல்லாம் சின்னப் பொண்ணுங்கக்கா. இவரு... கழட்டுறாரு. ஓட்டிப் பார்த்த ஃபேன்ல பின்னாடி இருக்குற ஸ்க்ரூவை. யார்கிட்டயும் சொல்லாதேன்னாரு. வெக்கமா இருக்காம்."

"அதைத்தான்டி நான் முடுக்குறேன்."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்றைக்குச் சொன்னதற்கு மன்னிப்பு கேட்க வாய் வரவில்லை. மழை பெய்கிறதா என்று கேட்டுவிட்டு வைத்தேன்.

ஆகஸ்ட் 2

அடுத்த ஒப்பந்தம். இனி முழுப் பொருளுக்கும் வரி இல்லை. எல்லையில் கேட்டைத் திறந்துவிட்டார்கள், ஒரு தாளும் காட்டாமல் போகலாம், வரலாம். இவர் டிவி முன்னால் உட்கார்ந்து பூரித்துப்போனார். "இனிமே உன் தங்கச்சி நெனச்சா நெனச்ச நேரம் வரலாம்."

வரலாம்தான். வரியே இல்லையென்றால் எதற்குக் கழற்ற வேண்டும், எதற்கு முடுக்க வேண்டும்? அதை டிவியில் யாரும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 14

இனி வர வேண்டாம் என்றுவிட்டார்கள். ஆளுக்கொரு ஃபேன் கொடுத்தார்கள். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், இவரே டிக்கெட் கிழித்தார்.

தங்கை வீட்டுக்காரருக்கும் இன்றோடு சரியாம். அவருக்கு ஃபேன் கிடையாது.

ஆகஸ்ட் 23

தங்கையும் அவள் வீட்டுக்காரரும் வந்தார்கள். எல்லையில் பஸ் நிற்கவே இல்லையாம். "வாங்க சகலை, உங்களுக்கும் வரி தள்ளுபடியா?" என்றார் இவர். அவர் சிரித்துவைத்தார். மெலிந்திருந்தார்.

புழுக்கமாக இருந்ததால் ஃபேன் பெட்டியைப் பிரித்தேன். உள்ளே ஸ்க்ரூ பை இல்லை. முழுதாகப் பூட்டியே வந்திருக்கிறது. பிளக்கைச் சொருகப் போன தங்கையை நிறுத்தினேன். "இரு. உள்ள பார்க்கணும்."

தங்கை வீட்டுக்காரர் திருப்புளியை என் கையிலிருந்து வாங்கினார். தங்கையிடம் ஏதோ பேசிக்கொண்டே நாலையும் கழற்றிவிட்டார், ஸ்க்ரூ பக்கம் பார்க்கக்கூட இல்லை. நான் மூடியை எடுத்தேன்.

செம்புச் சுற்றின் ஓரத்தில் நூல்கட்டு. முடிச்சு இடப்பக்கமாக, இரண்டு வளைவு.

யாரோ ஒரு சின்னப் பெண். அவள் கட்டைவிரல் நேராகத்தான் இருக்கும். இப்படி வளைக்க வேண்டிய அவசியமே அவளுக்கு இல்லை. ஆனால் படத்தில் அப்படி இருந்தது, அப்படியே செய்கிறாள். யாருடைய கை என்று அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? முகம் வேண்டாம் என்றார்களே.

"என்ன அண்ணி, ஏதாவது கோளாறா?"

கோளாறு ஏதாவது இருக்க வேண்டுமே என்றுதான் தேடினேன். நூலை நகத்தால் நெம்பிப் பார்த்தேன். அசையவில்லை. நான் கட்டியதைவிட இறுக்கமாகவே இருக்கும்.

மூடியை வைத்து நாலு ஸ்க்ரூவையும் நான் முடுக்கினேன். தங்கை சுவிட்சைப் போட்டாள். நாலு பேரும் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தோம்.

காற்று நன்றாகத்தான் வருகிறது. அதுதான் எனக்கு ஆறவில்லை.