மூன்றாவது இடைவேளைக்குப் பிறகு

தென்காசி
23-7-1961

சௌபாக்கியவதி மகள் செண்பகவல்லிக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்குச் சுகம். அங்கே பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கிற சின்ன ஆளும் சுகமாக இருக்க இலஞ்சிக் குமரன் துணை நிற்கட்டும். மனதுக்குச் சுகமா என்று நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன், இல்லை. போன வாரம் உன் கவரைப் பிரித்த நாளிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. எனக்கு ஒரு துண்டுத் தாளில் ஆறு வரி, உன் அம்மாவுக்குத் தனியாக மடித்து நாலு பக்கம். மேலே 'அம்மாவுக்கு' என்று எழுதியிருந்தாய். அப்பா படிக்கக் கூடாது என்று எழுதவில்லை, ஆகையால் படித்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன் நீ மாப்பிள்ளையோடு ரயில் ஏறுகிறபோது எதற்கு அழுதாய், நினைவிருக்கிறதா? அப்பாவைப் பிரிகிறோமே என்றா அழுதாய்? 'அங்கன நம்ம படம் ஒண்ணும் வராதாமேப்பா' என்று அழுதாய். அன்றைக்கு நான் கொடுத்த வாக்கை இன்றுவரை ஒரு வாரம் தவறவிட்டிருப்பேனா சொல். கொட்டகையில் படம் மாறிய அன்றே போய் பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பேன், மறுநாள் ரிஜிஸ்தர் ஆபீஸ் வேப்பமரத்தடியில் ஒரு பத்திரத்துக்கும் அடுத்த பத்திரத்துக்கும் நடுவே, சாட்சிக்காரர்கள் வருவதற்குள், பெயர் போடுவதிலிருந்து சுபம் வரைக்கும் உனக்கு எழுதுவேன். எந்த இடத்தில் தரை டிக்கெட்டுக்காரன் விசிலடித்தான், எந்த இடத்தில் ரீல் அறுந்து கூச்சல் போட்டார்கள், எல்லாம் எழுதுவேன், பாட்டுப் புத்தகத்தையும் குத்தி அனுப்புவேன். சர்க்கார் பத்திரம் எழுதுகிற கையெழுத்தம்மா அது. இவ்வளவும் செய்தவனுக்கு நீ எழுதியது 'அப்பா, கதை கிடைத்தது.' அவ்வளவுதான். உன் அம்மாவுக்கு என்ன எழுதியிருக்கிறாய்? 'நீ எழுதினதைப் படிச்சா கொட்டகையில உன் மடியில உக்காந்து பாத்த மாதிரி இருக்கும்மா.'

அவள் உனக்குப் படக்கதை எழுதுகிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். பார்வதியம்மாளா! மளிகைச் சாமான் பட்டியலைத் தவிர அவள் எதையும் எழுதி நான் பார்த்ததில்லை. கொட்டகைக்கு என்னோடுதான் வருவாள், தட்டிக்கு அந்தப் பக்கம் பெண்கள் பகுதியில் அடுத்த வீட்டு சைதூன் பீவியோடு உட்காருவாள், படம் விட்டதும் பெண்கள் வாசலில் நான் காத்து நிற்பேன், வீடு வருகிற வரைக்கும் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாள். கதை அவளுக்குப் புரிவதில்லை போல என்று நான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் புண்ணியவதி பென்சிலால் இன்லண்டு கடுதாசி எழுதி சைதூன் பீவியிடம் கொடுத்துத் தபாலில் போட்டிருக்கிறாள். அதோடு விட்டாளா? குழாயடியில் இப்போது இவளைச் சுற்றித்தான் கூட்டம். தண்ணீர் வருவதற்கு முன்னாலேயே குடத்தை வைத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். சைதூன் பீவி என்னிடமே சொல்கிறாள், 'அண்ணாச்சி, மைனி சொல்லுத கதய கேட்டா படத்துக்கே போவ வேண்டாம்.' ஒரு காலத்தில் ரிஜிஸ்தர் ஆபீஸில் பாதிப் பேர் வேலையை விட்டுவிட்டு என் கதை கேட்பார்கள். இப்போது அவர்களும் 'வீட்ல அக்கா என்ன சொல்லுதாவ?' என்று கேட்டுவிட்டு வெற்றிலை போடப் போகிறார்கள்.

சரி, அதையும் பொறுத்துக்கொள்வேன். அந்தக் கப்பல்காரன் படம் இருக்கிறதே, புருஷன் கப்பலில் போய்விட, பெண்டாட்டி கைக்குழந்தையோடு காத்திருப்பாளே, அந்தக் கதைக்கு நீ எழுதியதைத்தான் பொறுக்க முடியவில்லை. என் கடிதமும் அம்மா கடிதமும் ஒரே தபாலில் வந்ததாம், மாப்பிள்ளை என்னுடையதை வாசிக்க, நீ அம்மாவுடையதை வாசித்தாயாம், குழந்தைக்குக் காய்ச்சல் வருகிற வரைக்கும் இரண்டும் ஒன்றாகப் போயிற்றாம், அதற்குப் பிறகு என் கடிதத்தில் டாக்டர் வந்து குழந்தை பிழைத்து, அப்பன் கை நிறையப் பொம்மையோடு இறங்குகிறானாம், அம்மா கடிதத்தில் கப்பல் கரைக்கு வருவதற்கு முந்தின நாளே குழந்தை போய்விடுகிறதாம். 'மாமா நல்லா தூங்கிட்டாங்க போல' என்று மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தாராம். சிரிக்கட்டும். நீயும் 'அம்மா சொன்னதுதான் நிஜம்னு ரெண்டு பேரும் முடிவு கட்டிட்டோம், ரொம்ப நேரம் அழுதேன், அழுதபிறகு மனசு லேசா இருந்தது' என்று எழுதியிருக்கிறாய். முப்பது வருஷமாக நான் எழுதிய பத்திரத்தில் ஓர் எழுத்து மாறிற்று என்று கோர்ட்டில்கூட ஒருத்தன் சொன்னதில்லை.

கடைசிப் பக்கம்தான் எல்லாவற்றுக்கும் மேல். மூன்று நாள் ரயிலில் வரக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் பிரசவம் அங்கேயேதான், அம்மா வரட்டும், ஊருக்கு வந்திருக்கிற எங்கள் பக்கத்து வீட்டு வீரகேரளம்புதூர்க்காரர் குடும்பம் லீவு முடிந்து ஆவணியில் இங்கே திரும்புகிறார்கள், அவர்களோடு ஏறிவிடட்டும், பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருந்தாலே எனக்குப் பயம் தெரியாது என்று எழுதிவிட்டு, 'அப்பா வேண்டாம், போன தடவை மாதிரி ஆஸ்பத்திரிக்குள் வராமல் ரோட்டிலேயே நிற்பார், பார்க்க எனக்குத் தாங்காது' என்று எழுதியிருக்கிறாய். இதைத்தான் நான் ஏழு தடவை படித்தேன். பெண்டாட்டி மேல் பொறாமைப்படுகிற ஆள் ஊரில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

மனதில் வைத்துக்கொண்டு இருக்க என்னால் முடியாது, உனக்கே தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை குற்றாலம் போனோம். சாரல் நன்றாக இருக்கிறது, அருவியில் நல்ல தண்ணீர், கூட்டமும் அதிகம். குளித்துவிட்டுப் பெண்கள் பக்கமிருந்து தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவளிடம், கட்டுச்சோற்றைப் பிரிப்பதற்கு முன்னாலேயே கேட்டுவிட்டேன், 'என்னட்டி, எனக்குத் தெரியாம பிள்ளைக்கு எழுதுத? அதுவும் படக்கதையை?' என்று. அவள் கோபப்படவே இல்லை. இலையைப் போட்டுக்கொண்டே சொன்னாள், 'நீங்க முழுசா பாத்து எழுதுனா நான் ஏன் எழுதப்போறேன்? படம் ஒரு மாதிரியா போச்சுன்னா மூணாவது இடைவேளைல எந்திச்சு வெளிய போயிருதிய. விட்டதும் பாத்து முடிச்ச ஆளு மாதிரி வாசல்ல வந்து நிக்கிய. பக்கத்துல வந்தா சுக்குக்காப்பி மணக்கு. போன ஐப்பசில இருந்து இதான நடக்கு.'

நம் கொட்டகையில் ஒரே மிஷின், ரீல் மாற்ற மூன்று இடைவேளை, நீதான் பார்த்திருக்கிறாயே. உன் அம்மா சொன்னது உண்மை, செண்பகம். கப்பல்காரன் படத்தின் முடிவை நான் பார்க்கவில்லை. குழந்தையின் நெற்றியில் ஈரத்துணி போட்டதும் விளக்கைப் போட்டார்கள், நான் எழுந்து போய் சுக்குக்காப்பிக் கடையில் நின்றேன். அந்தக் குழந்தையை நானேதான் பிழைக்க வைத்து உனக்கு எழுதினேன். அந்தப் படம் மட்டுமல்ல, இந்தப் பத்து மாதத்தில் நான் எழுதிய பாதிப் படத்துக்கு முடிவு என்னுடையது. ஏன் என்று உனக்குத் தெரியும். போன ஐப்பசியில் மாப்பிள்ளை கொடுத்த தந்தி, 'உடனே புறப்படவும்.' அவரைக் குறை சொல்லவில்லை, அந்த நேரத்தில் அவருக்கு வேறென்ன எழுத வரும். ஆனால் அந்த இரண்டு வார்த்தையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு விருதுநகர் தாண்டி, மெட்ராஸ் தாண்டி, நாக்பூர் தாண்டி மூன்று நாள் வந்தேன். யாருக்கு என்ன என்று தெரியாது. நீயா, பிள்ளையா. வந்து இறங்கினால் நீ இருந்தாய், அவன் இல்லை. அதிலிருந்து கடைசி ரீல் எனக்கு ஆகாது.

இதை அருவிக்கரையில் இவளிடம் சொல்லிவிட்டு, பிள்ளைத்தாய்ச்சிக்கு அப்படி ஒரு முடிவை எழுதலாமா என்றும் கேட்டேன். உன் அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? 'நீங்க மறைச்சா அவளுக்குத் தெரியாதாக்கும்? அவ நம்மளவிடப் பட்டவ. அழட்டும்னுதான் எழுதுனேன்.' உன் கையைப் பிடித்து நடக்க வைத்தது நான், முதல் படத்துக்குத் தோளில் தூக்கிப்போனது நான், உன் மனசு மட்டும் இவளுக்கு எப்படி என்னைவிட நன்றாகத் தெரிகிறது? என் பொறாமையெல்லாம் இதுதான், குழாயடிக் கூட்டமெல்லாம் சும்மா.

நேற்று புதுப் படம் போட்டார்கள். இந்தத் தடவை கடைசி வரை உட்கார்ந்தே தீருவது என்று போனேன். மூன்றாவது இடைவேளையில் எழுந்தேன், தட்டிக்கு மேலே உன் அம்மா தலை தெரிந்தது, என்னையே பார்த்தாள், உட்கார்ந்துவிட்டேன். விளக்கை அணைத்து ஒரு பாட்டு வரைக்கும் தாங்கினேன், பிறகு கதாநாயகியின் அப்பனுக்கு இருமல் வந்தது, வெளியே வந்துவிட்டேன். ஆகவே அந்தப் படத்தின் கதையை உன் அம்மாவே நேரில் வந்து சொல்லட்டும், நான் எழுதவில்லை.

அவளை அனுப்பி வைக்கிறேன். நீ வேண்டாமென்ற இடத்துக்கு நான் வரவில்லை, கோபித்துக்கொண்டும் இல்லை, கொஞ்சம் இருக்கிறது, அது போய்விடும். கருப்பட்டி, சுக்கு, நல்லெண்ணெய், உன் பழைய சேலையில் கிழித்துத் துவைத்த துணி எல்லாம் மூட்டை கட்டியாயிற்று. என் சாப்பாட்டுக்கு உன் அம்மா சைதூன் பீவி வீட்டில் சொல்லியிருக்கிறாள், என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். நீ கனமான வாளியைத் தூக்காதே. இரண்டு வேளையும் பால் குடி, கீழே கொட்டிவிட்டுக் குடித்தேன் என்று மாப்பிள்ளையிடம் சொல்லாதே, உன் பழக்கம் எனக்குத் தெரியும். நீயும் உன் பிள்ளையும் நூறு வயது இருப்பீர்கள், என் வாக்கு இது, இதில் கற்பனை இல்லை.

ஒன்று மட்டும் மறக்காதே, மாப்பிள்ளையிடம் இப்போதே சொல்லி வை. தந்தி கொடுக்கும்போது தாயும் பிள்ளையும் எப்படி என்பதுதான் முதல் வார்த்தையாக இருக்கவேண்டும். படத்தின் முடிவை முதலில் சொல்லுகிறவன் பாவி என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். இந்த ஒரு கதைக்கு மட்டும் முடிவை முதலில் சொல்லிவிடு. இதில் பாதியில் எழுந்துபோக எனக்கு வாசல் கிடையாது.

இப்படிக்கு,
உன் அப்பா
சு. ஆறுமுகநயினார்