அரக்குச் சிவப்பில் ஒரு பட்டுத் திரி

மச்சான்,

இன்று காலையில் தறிக்கு நூல் சுற்றுகிற தார்க்குச்சி தேடப் போய், பரண் ஓரத்தில் கிடந்த பழைய பல்பொடி டப்பாவைத் திறந்தேன். மூடி கழன்றதும் குப்பென்று ஒரு நாற்றம். அழுகின முட்டையும் தீய்ந்த ரப்பரும் சேர்ந்த மாதிரி. கியர் ஆயில். இந்த வீட்டில் நீ இருந்த நாளெல்லாம் உனக்கு முன்னால் வாசலுக்கு வந்து நின்ற நாற்றம். "உன் வூட்டுக்காரர் தெரு முனைக்கு வந்துட்டாரு, மூக்கப் பிடிச்சுக்கோ" என்று தங்கச்சியைச் சீண்டுவேனே, அதேதான்.

கூடத்தில் கழிவுப் பட்டு நூலைப் பிரித்துக்கொண்டிருந்த நைனா தலையைத் தூக்கினார். கண்ணில் புரை விழுந்த பிறகு அவர் தறியில் உட்காருவதில்லை. விரலும் மூக்கும் காதும்தான் இப்போது அவருக்குக் கண்.

"இன்னாடா அது?"

"ஒண்ணுமில்ல நைனா. பழைய டப்பா."

"இங்க கொண்டா."

டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றேன். உனக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது.

நாலாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். எழுத்து கோணும். நீ திருத்தப் போவதில்லை என்கிற தைரியத்தில் எழுதுகிறேன். அன்றைக்கு நடந்ததை உனக்கே திரும்பச் சொல்வது கிறுக்குத்தனம்தான். ஆனால் நான் பார்த்த பக்கத்தை நீ பார்த்திருக்க மாட்டாய். நீதான் வண்டிக்கு அடியில் கிடந்தாயே.

தென்னேரிப் பக்கத்து உழவர் வீட்டுப் பிள்ளை, ஒரு கறுப்பு டாக்சிக்குச் சொந்தக்காரன், எங்கள் வீட்டுப் பெண்ணை யாரையும் கேட்காமல் கட்டிக்கொண்டு போய்விட்டான் என்று தெரு முழுக்கப் பேச்சு. ஒரு வருஷம் கழித்து ரெண்டு பேரும் வந்து வாசலில் நின்றீர்கள். நைனா வாயைத் திறக்கவில்லை. பின்கட்டு அறையின் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டுத் தறிக்குழியில் இறங்கிவிட்டார். மறுநாளே தங்கச்சி அவருக்குப் பக்கத்தில் தன் பழைய இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். கரையைத் தனி நூலில் கோர்த்து நெய்கிற கோர்வைச் சேலைக்கு, ஓரத்தில் கரை நூலைக் கொண்டுபோகிற நாடாவை எறிய இன்னொரு கை வேண்டும். அந்தக் கை சின்ன வயதிலிருந்தே அவளுடையதுதான். அவள் இல்லாத அந்த ஒரு வருஷம் நைனா கோர்வைத் தறிப் பக்கமே போகவில்லை.

உன்னிடம் மட்டும் அவர் பேச்சு கிடையாது. நீ எதிரில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பாய். அவர் என்னைப் பார்த்து, "வண்டிக்காரனுக்கு ரசம் வேணுமா கேளு" என்பார். நானும் உன் பக்கம் திரும்பி, "வண்டிக்காரரே, ரசம் வேணுமான்னு சர்க்கார்ல கேக்குறாங்க" என்பேன். நீ சிரிப்பை அடக்க, ரசம் மூக்கில் ஏறும்.

அந்தச் சிரிப்பு உன் வண்டியின் எண்ணெய் ஒழுகலில் வந்து முடிந்தது. விடியற்காலையில் தறிக்கான பாவு நூலை நீட்டுவதற்கு எங்களுக்குத் தெருவை விட்டால் வேறு இடம் ஏது? உன் வண்டி நின்ற இடமெல்லாம் பின் அச்சுக்கு நேராகக் கறுப்புப் பொட்டு. ஒருநாள் எதிர்வீட்டுக்காரர் பாவு தளர்ந்து தரையைத் தொட்டது. சந்தன நிறப் பட்டு. அதில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. பட்டில் ஏறின எண்ணெய் போகாது என்று இந்தத் தெருக் குழந்தைக்கும் தெரியும். எதிர்வீட்டுக்காரர் தெருவைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். அத்தனை பேருக்கும் முன்னால் நைனா என்னைப் பார்த்துச் சொன்னார்:

"இனிமே ஒரு சொட்டு இந்தத் தெருவுல விழுந்துச்சுன்னா வண்டியும் போவணும், வண்டிக்காரனும் போவணும்."

உள்ளே தறியோரத்தில் தங்கச்சியின் கையில் நாடா அப்படியே நின்றுவிட்டது. நீ போனால் அவளும் போவாள். அது நைனாவுக்குத் தெரியும். 

"வண்டியத் தெரு முனையிலயே நிறுத்திட்டு வாயேன் மச்சான்" என்று யோசனை சொன்னேன்.

"நிறுத்தலாம்பா. அப்புறம் நானும் அங்கயே நிக்க வேண்டியதுதான்" என்றாய்.

பின்சந்தில் கருங்கல்லை அடுக்கி வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தினாய். சக்கரத்தைக் கழற்றி, பேசினில் எண்ணெயை வடித்து, ரெண்டு பக்கத்து அச்சுத் தண்டையும் உருவி, நடுவில் பானை மாதிரி உப்பின கூட்டிலிருந்து பல்சக்கரக் கட்டை வெளியே எடுத்தாய். 'டிப்பரன்சல்' என்றாய். "பேரே ஒழுகுது" என்றேன். பானைக்கு அடியில் தங்கின எண்ணெயில் இரும்புத் தூள் மின்னியது. ஜரிகை உதிர்ந்த மாதிரி இருக்கிறதே என்று விரலை விடப் போனேன். "தொடாத. அந்தக் கையோட தறிக்குப் போவ" என்று தட்டிவிட்டாய். மண்ணெண்ணெயில் ஒவ்வொரு பல்லாகக் கழுவினாய். எங்கள் வீட்டில் குழந்தைக்குக்கூட அப்படித் தலை தேய்த்துவிட்டதில்லை.

கூட்டின் வாயில் ஒட்டியிருந்த பழைய பேக்கிங் சுரண்டச் சுரண்டப் பொடியாக வந்தது. புதுசு ஊரில் கிடைக்கவில்லை. செங்கல்பட்டு மெக்கானிக் ஒருவர் செல்லாக் பசை தடவி, நடுவில் பட்டு நூலை ஓடவிட்டு மூடுவார் என்று சொன்னாய். "இந்த ஊர்ல பட்டுக்கா பஞ்சம்?" என்று நான் எழுந்தேன். அதற்குள் சன்னல் வழியாக ஒரு சிட்டம் நூல் வந்து என் மடியில் விழுந்தது. வெள்ளைப் பட்டு. உள்ளேயிருந்து நைனா குரல்:

"கஞ்சி போடாததுடா. கஞ்சி போட்டது எண்ணெயில ஊறிடும்."

நீ அந்தச் சிட்டத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். பிறகு போல்ட் துளைகளுக்கு உள்பக்கமாக அந்த நூலைச் சுற்றிப் படியவைத்தாயே, எங்கள் ஜரிகைக்காரனுக்கு அந்தப் பொறுமை வராது.

மூடி முறுக்கி முடித்தோம். மீந்த செல்லாக்கை வண்டிக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தோம். அப்போது நைனா கொல்லையில் நின்று புளியைப் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா நைனா, குத்துவிளக்கு கணக்கா தேய்க்கிற?"

"உன் வேலையப் பாருடா."

எதுவும் தோன்றவில்லை எனக்கு. வாய் இருக்கிற அளவுக்குப் புத்தி இல்லை.

மறுநாள் எண்ணெய் ஊற்றி, வாலாஜாபாத் வரைக்கும் ஓட்டிவிட்டு வந்து வாசலில் நிறுத்தினாய். தங்கச்சி பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்துக் கொண்டுவந்து பின் அச்சுக்குக் கீழே விரித்தாள். தெருவே கூடிவிட்டது. "இன்னாபா, டிக்கெட் வாங்கினீங்களா? பின்னாடி இருக்கவங்களுக்குத் தெரியுதா?" என்று நான் கூத்தடித்துக்கொண்டிருந்தேன். வேட்டி வெள்ளையாகவே இருந்தது. நூல் வைத்து மூடின வாயில் சொட்டுகூட ஈரமில்லை. எதிர்வீட்டுக்காரர்கூடச் சரி என்று திரும்பினார்.

அப்போதுதான், மூடின இடத்தில் இல்லாமல், முன்பக்கம் தண்டு நுழைகிற கழுத்தில் ஒரு துளி திரண்டது. தொங்கியது. விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று.

 வாசற்படியில் நின்றிருந்த நைனா வேட்டியையும் பார்த்தார், வண்டியையும் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை மச்சான். நம்ப முடியாதவர் முகம் அது. கை ரெண்டையும் மேல்துண்டில் துடைத்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

நீ வண்டிக்கு அடியில் போனாய். வெகு நேரம் ரெண்டு கால்தான் வெளியே தெரிந்தது. வந்ததும் மூடின கையோடு என்னைப் பின்சந்துக்கு இழுத்துக்கொண்டு போனாய். விரித்தாய். அரக்குச் சிவப்பில் ஒரு பட்டுத் திரி, செல்லாக்கில் தோய்ந்து விறைத்துப்போய்.

"இது எங்க இருந்துது?"

"அச்சு மேல ஒரு சின்ன ஓட்டை இருக்குது. அது வண்டிக்கு மூக்குபா. ஓடி சூடாச்சுன்னா உள்ள இருக்க காத்து அது வழியாத்தான் போவும். அடைச்சா, எண்ணெயத் தள்ளிக்கினு எங்கயாவது வரும்."

அந்த வாரம் தெருவிலேயே எங்கள் கோர்வைத் தறியில்தான் அரக்குச் சிவப்பு. அதோடு அந்த முறுக்கு. நைனா இடதுகைக்காரர். அவர் திரிக்கிற திரி ஊருக்கு எதிர்ப்பக்கம் சுற்றியிருக்கும். மீந்த செல்லாக், புளி, கொல்லை எல்லாம் எனக்கு ஒரே நேரத்தில் விளங்கியது. ஓட்டை தெரிந்தால் ஒழுகும் என்று நினைத்திருக்கிறார். நீ போய்விடக் கூடாது என்று, எண்ணெயைத் தொடாத கையால் தொட்டிருக்கிறார்.

நான் உள்ளே ஓடப் பார்த்தேன். சட்டையைப் பிடித்தாய்.

"எங்க போற?"

"நைனாகிட்ட சொல்றேன். உன் வேலையில தப்பு இல்லன்னு..."

"சொல்லி? எனக்குன்னு அவர் கை வெச்சது இது ஒண்ணுதான்பா. அதையும் தப்புன்னு போய்ச் சொல்லச் சொல்றியா? வெளிய தெருவே நிக்குது."

"அப்ப நீ?"

"நான் வண்டிக்காரன். எங்க வேணா நிறுத்திக்குவேன்." திரியை என் கையில் வைத்து மூடினாய். "வாயத் திறக்க மாட்டேன்னு சொல்லு. உனக்குத்தான் அது கஷ்டம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். பிறகு வாசலில் போய் நின்று, தெரு கேட்க, உள்ளே பார்த்துச் சொன்னாய்: "வேல சரியா செய்யல மாமா. தப்பு என்னுது."

நீ அவரை மாமா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் திரும்பவில்லை. சொன்ன சொல் தெருவுக்கு முன்னால் சொன்னது. நீங்கள் செவிலிமேட்டுக்குக் குடிபோகச் சாமான் ஏற்றினபோதுகூட என்னைப் பார்த்துத்தான், "டிரங்குப் பெட்டிய மேல வெக்காத, சரியும்" என்றார். அதற்கப்புறம் கோர்வைத் தறியில் வேறு யாரையும் உட்கார வைக்கவில்லை. ஒற்றை நாடாவில் வெறும் கரைச் சேலைதான்.

உன் வண்டி அதற்கப்புறம் ஒரு சொட்டும் ஒழுகவில்லை. தங்கச்சியைக் கொண்டுவந்து விடுகிறபோது நீ தெரு முனையில் நிறுத்துவாய். நான் அங்கே வந்து குனிந்து பார்ப்பேன். "இன்னா மச்சான், இன்னும் நம்பிக்கை இல்லையா?" என்பாய். நம்பிக்கை இல்லாமல் இல்லை. தரை சுத்தமாக இருப்பதை நானாவது பார்க்க வேண்டுமே. அதற்காகத்தான் பார்ப்பேன்.

மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது. பதினாறாம் நாள் வந்தவர்களிடம் நைனா சொன்னார்: "நல்லவன்தான். கை வேலைதான் சுத்தம் இல்ல. ஒரு ஒழுகல நிறுத்த முடியல அவனால." தங்கச்சி என்னைப் பார்த்தாள். நான் இலை எடுக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன். உன் வாக்கை அன்று காப்பாற்றினது இன்றுவரை நெஞ்சில் முள்ளாக இருக்கிறது.

இன்று காலையில், அந்தத் திரியை நான் ஒளித்துவைத்திருந்த டப்பாவை நீட்டினேன். நீட்டாமல் இருந்திருக்கலாம். நைனா திரியை எடுத்து மோந்தார். விரல் நடுவில் உருட்டினார். உருட்டின விரல் நின்றது.

"இது என் முறுக்கு."

நான் டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"அந்த ஓட்டையில வெச்சது." திரியை மறுபடி உருட்டினார். "அதனாலதான் ஒழுகிச்சா?"

வாய் ஓயாதவன் என்று ஊரே சொல்லும் என்னை. ஒரு சொல் வரவில்லை மச்சான். அதுவே அவருக்குப் பதிலாகிவிட்டது.

"அவனுக்குத் தெரியுமா?"

"அவர்தான் எடுத்து என் கையில குடுத்தாரு."

நைனா அந்தத் திரியைப் பிரிக்கப் பார்த்தார். எத்தனை சிக்கல் பட்டையும் பிரிக்கிற விரல் அது. செல்லாக்கில் இறுகிப்போனது பிரியவில்லை. மத்தியானம் சாப்பிடவில்லை. வெயில் தாழ்ந்ததும், "வண்டி நின்ன எடத்துக்கு என்னக் கூட்டிக்கினு போ" என்றார். வாசலில் அந்த இடத்தில் குந்தி உட்கார்ந்து, இடதுகை உள்ளங்கையால் தரையை மெல்லத் தடவினார். எதிர்வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னா நைனா தேடுற?"

"சுத்தமா இருக்குதுடா" என்றார். எதிர்வீட்டுக்காரர் பக்கம் முகத்தைத் திருப்பி, தெரு கேட்கிற குரலில் இன்னொரு தடவை சொன்னார்: "அவன் வேல சுத்தமாத்தான் இருந்துது. தப்பு என்னுது."

திரியை அவர் திருப்பித் தரவில்லை. இடுப்பு மடிப்பில் செருகிக்கொண்டுவிட்டார். என்னிடம் இப்போது காலி டப்பாவும் நாற்றமும்தான். நீ காப்பாற்ற நினைத்த தலை இன்று தெருவில் குனிந்தது. குனிய வைத்தவன் நான். செய்தது சரியா என்று கேட்டால் நீ சிரிப்பாய், பதில் சொல்ல மாட்டாய். ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது, எதிரில் நீ உட்கார்ந்து சாப்பிட்ட பலகை காலியாகக் கிடக்க, நைனா என்னைப் பார்க்காமல் அந்தப் பக்கம் திரும்பிக் கேட்டார்:

"ரசம் வேணுமாப்பா?"