அப்பா பேருக்கு நடந்த யுத்தம்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். மூட்டுவலி தேவலையா? எவரும் நம்பாத கதை ஒன்றைச் சத்தியம் செய்து சொல்கிறேன்.

இங்கே எல்லாரையும் குடும்பப் பேரால்தான் கூப்பிடுவார்கள். நமக்கேது அது? பாஸ்போர்ட்டில் என் பேருக்குப் பக்கத்தில் உங்கள் பேர் இருப்பதால், வேலை செய்யும் கிடங்கில் நான்தான் நீங்கள்.

மேஸ்திரியின் குடும்பப் பேருக்குக் கொல்லன் என்று அர்த்தம், அவன் முஷ்டியும் சம்மட்டிதான். நேற்று உங்கள் பேரைச் சொல்லி, "சோம்பேறி நாயே" என்றான். "அது எங்கப்பா பேருடா" என்று பாய்ந்தேன். அவனுக்குத் துணைக்கு வந்த நாற்பது பேர் பறந்துபோய்க் கூரையில் ஒட்டிக்கொண்டார்கள். ரத்தத்தில் பெட்டிகள் மிதந்தன. இப்போது உங்கள் பேரோடு 'ஐயா' சேர்த்துத்தான் கூப்பிடுகிறான்.

கிராம்புத் தைலம் ஒரு சீசா அனுப்புங்கள். போனில் என் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், கேட்டு நாளாச்சு. அக்கா பிள்ளைகளிடம் மாமா ஜெயித்ததாகவே சொல்லுங்கள்.

வேலைக்கு நேரமாச்சு. கதையில் சொல்லாமல் விட்டது ஒன்று, அவன் குத்தில் என் முன்பல் போனது. அது மட்டும் நிஜம்.