சும்மா இருந்த இடக்கை

குருநகர்,
18.2.1984

அன்புள்ள பாலேஸ்வரிக்கு,

இருமல் குறைந்ததா? நான் சுகம். "பாரம் தூக்கிறவைக்கு இளைப்பாறின வாத்தியார் என்னத்துக்கு?" என்று புறப்படும்போது கேட்டீர். இங்கே குருநகர்ப் பாரம் தூக்கும் கழகத்தின் கடிதங்களை எழுதுகிறேன். போட்டியில் நடுவராக நிற்கிறேன்.

போன சனிக்கிழமை ஒற்றைக்கைத் தூக்கலில் சுன்னாகம் கழகத்துக் கமக்காரர் நடராசா இரண்டு முறை தவறவிட்டார். மூன்றாவதும் தவறினால் வெற்றிக் கோப்பை எங்கள் குருநகர்க் கழகத்துக்கு. வெங்காய மூட்டையை இரு கைகளாலும் தூக்கிப் பழகியவர், சும்மா இருந்த இடக்கையை இடுப்போடு ஒட்டி வைத்திருந்தார்.

அவரோடு போட்டியிட்ட எங்கள் கழகத்து மீனவர் சிமியோனே கத்தினார்: "அண்ணை, மற்றக் கையை விரியுங்கோ! ஆடுற வள்ளத்திலை வாளி தூக்கிறமாதிரி!"

பாரம் எழுந்தது. கோப்பை சுன்னாகம் போனது.

"ஏன் ஐசே சொன்னீர்?" என்று கேட்டேன்.

"தூக்கத் தெரியாத ஆளை வெண்டு என்ன வாத்தியார்? அடுத்த மாசம் வரட்டும், பாப்பம்!"

கோப்பித்தூள் கொஞ்சம் அனுப்பும். இங்கே தனியே குடிக்கிற கோப்பியில் வீட்டு வாசம் இல்லை. தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. அரைவாளித் தண்ணீரை வலக்கையால் தூக்கி, இடக்கை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து எழுதும்.

அன்புடன்,
அருளம்பலம்